பல்லனுக்குக் குரல் கொடுத்தவளுக்கு

என் ஜெபாவுக்கு,

நலம் விசாரித்து ஆரம்பிக்கத்தான் நினைத்தேன். முடியவில்லை. கோபம் தொண்டை வரை நிற்கிறது. அதைக் கொட்டிவிட்டு மற்றதைப் பேசலாம்.

போன ஞாயிற்றுக்கிழமை உன் அப்பா எங்கள் வீட்டுக்கு வந்தார். அடுத்த மாதம் வந்தால் நீ போய் ஒரு வருடம். அதற்குள் உன் கல்லறைக்குக் கறுப்புக் கிரானைட் பதிக்க வேண்டுமாம். கல்லில் வெட்ட வேண்டிய எழுத்தையெல்லாம் ஒரு தாளில் எழுதி எடுத்துவந்திருந்தார். "கௌரிம்மா, நீ படிச்ச பொண்ணு. தப்பு கிப்பு இருக்கான்னு ஒருதரம் பாத்துக் குடும்மா" என்றார்.

பார்த்தேன். பிறந்த நாள் சரி, இறந்த நாள் சரி, பைபிள் வசனத்தில் ஒற்றுப்பிழைகூட இல்லை. நடுவில் பெரிய எழுத்தில், 'செல்வி த. ஜெபசெல்வி, பி.இ.'

பி.இ.! ஐந்தாவது செமஸ்டரில், லேப் ரெக்கார்டு நோட்டை எனக்குக் கொடுத்துவிட்டு, காலேஜ் இருந்த பொத்தேரியில் டிரெயின் ஏறிப் போனவளுக்குப் பி.இ. அரியர் வைத்த சப்ஜெக்டைக்கூடத் திரும்ப எழுதாதவளுக்குப் பி.இ. நான்கு வருடம் உட்கார்ந்து வாங்கிய எனக்கே அதைப் பெயருக்குப் பின்னால் போடக் கூச்சமாக இருக்கிறது. உனக்குப் போட்டுக் கல்லில் வெட்டப் போகிறார்கள். நீ எழுந்து வந்து அழிக்க முடியாது என்ற தைரியம்தானே?

"ரெண்டு நாள் டைம் குடுங்க அங்கிள்" என்று மட்டும் சொன்னேன். அவர் போன பிறகு தாளைக் கிழித்துப் போடலாமா என்று இருந்தது. என்ன செய்ய, அவர் கையெழுத்து அவ்வளவு அழகு.

இது முதல் தடவை இல்லை ஜெபா. நீ போன அன்றே கேம்ப் ரோடு முழுக்கக் கண்ணீர் அஞ்சலி பேனர் கட்டினார்கள். காலேஜ் ஐடி கார்டில் இருந்த அந்த முழிக்கிற போட்டோ, கீழே பி.இ. நம் ஊரில் மனிதர் செத்தால்தான் முழுப் படிப்பும் முழு இனிஷியலும் வருகிறது. பேனருக்கு அடியிலேயே நின்றேன். வாயைத் திறக்கவில்லை. உன் வாழ்க்கையைப் பற்றிப் பேச எனக்கு என்ன யோக்கியதை என்று நினைத்தேன். அந்தக் கதையையும் சொல்லத்தான் போகிறேன். ஊர் அறியச் சொல்லப் போகிறேன், அதனால் உனக்குத் தெரிந்ததையும் கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கும். பொறுத்துக்கொள்.

பொத்தேரி ஹாஸ்டல் பையன்கள் யாரோ சிடியில் ஏற்றிக் கொடுத்த நிஞ்சாத் தொடர். எங்கள் சேலையூர் வீட்டு ஹாலில், துணி போட்டு மூடி வைத்திருக்கும் கம்ப்யூட்டரில், சனிக்கிழமை மத்தியானங்களில் நீ, நான், நம் சிநேகிதி சுமதி மூன்று பேரும் பார்த்தது. பேசுவது ஜப்பான் மொழி, கீழே ஓடுவது இங்கிலீஷ். சுமதிக்கு அந்த வேகத்தில் படிக்க வராது. அதனால் நீ ஸ்பீக்கரை அணைத்துவிட்டு எல்லோருக்கும் நீயே பேசுவாய். நிஞ்சாப் பள்ளியின் கிழட்டு வாத்தியாருக்குத் தாம்பரம் ஷேர் ஆட்டோக்காரர் குரல். "இன்னா நைனா, கத்தியத் தொங்க வுட்டுக்கினு எங்க கெளம்பிட்ட? வூட்ல சொல்ட்டு வந்தியா?" என் அம்மா அடுப்பை விட்டு வந்து சிரித்துவிட்டுப் போவார்.

கதை இதுதான். ஒரு மலையில் நிஞ்சாப் பள்ளி. அங்கே சின்ன வயதிலிருந்து இரண்டு சிநேகிதர்கள். எப்போது பார்த்தாலும் இளித்துக்கொண்டே இருப்பவனுக்கு நாம் வைத்த பெயர் பல்லன். எல்லோரையும் வரிசையில் நிறுத்துகிறவன் லீடர். ஒரு நாள் பல்லன் ஆற்றைத் தாண்டி எதிரி ஊருக்குப் போய்விடுகிறான். அவனை மயக்கிக் கடத்திவிட்டார்கள் என்று வாத்தியார்கள் சொல்ல, லீடர் மூன்று பேரைக் கூட்டிக்கொண்டு மீட்கப் போகிறான். இருவர் வழியில் அடிபட்டுத் திரும்புகிறார்கள், ஒருவன் பனியில் தொலைந்துபோகிறான். லீடர் மட்டும் அக்கரை சேர்கிறான். பார்த்தால் பல்லனைக் கட்டிப் போடவும் இல்லை, காவல் வைக்கவும் இல்லை. அவனாகத்தான் போயிருக்கிறான். லீடர் கையைப் பிடித்து இழுக்க, இரண்டு பேரும் மண்ணில் புரண்டு சண்டை போட்டு, கடைசியில் பல்லன் அவனைத் தூக்கிப் படகில் போட்டுக் காலால் தள்ளிவிடுகிறான். அதோடு சிநேகிதம் போயிற்று.

நான் அழுதுவிட்டேன். "துரோகிடி அவன்" என்றேன். நீ சண்டைக்கு வந்தாய். "இன்னாடி துரோகி? அவன யாராவது 'வர்றியாடா'ன்னு கேட்டாங்களா? கயிறு எடுத்துக்கினு போனாங்க. ஒரு கேள்வி எடுத்துக்கினு போனாங்களா?" ஸ்கூலில் ஆறாவதிலிருந்து பத்தாவது வரை நான்தான் கிளாஸ் லீடர். அன்றிலிருந்து கோபம் வந்தால் என்னையும் லீடர் என்றே கூப்பிட்டாய். எனக்கு அது பெருமையாகக்கூட இருந்தது, மண்டு.

பிறகு நீ காலேஜை விட்டாய். அஸ்தினாபுரத்தில் வேலைக்குப் போகிற இரண்டு பெண்களோடு ஒரு மாடி ரூம். காலையில் எங்கேயோ கணக்கு டியூஷன், மத்தியானம் ரெக்கார்டிங் ஸ்டுடியோ ஸ்டுடியோவாக ஏறி இறங்கிக் கூட்டத்தில் கத்துகிற குரல், அழுகிற குழந்தைக் குரல். போனில் ஒருநாள், "இன்னிக்கு நான் ஒரு ஆட்டுக்குட்டிடி" என்றாய். உன் விலாசத்தை என்னிடம் மட்டும்தான் கொடுத்தாய். "அப்பாகிட்ட சொல்லாதடி" என்று ஒரே ஒரு வார்த்தை.

சொன்னேன். உன் அப்பா எலெக்ட்ரிக்கல் கடையை மத்தியானமே சாத்திவிட்டு என் எதிரே உட்கார்ந்து, "நீ சொன்னா கேப்பாம்மா, பாப்பா வாழ்க்கைய நீதான் மீட்டுக் குடுக்கணும்" என்றார். மீட்பது என்று ஒரு வார்த்தை இருக்கிறதே, அதைக் கேட்டதும் எனக்குத் தலையில் கொம்பு முளைத்துவிட்டது. திட்டமெல்லாம் போட்டேன் ஜெபா. சுமதி உன்னோடு மாடியில் பேச்சுக் கொடுப்பது, நான் டீ குடிக்கலாம் என்று கீழே அழைத்து வருவது, உன் அப்பா தெருமுனையில் ஆட்டோவோடு நிற்பது. எனக்கு உன் மேல் அவ்வளவு அக்கறை. உன்னிடம் ஒரு வார்த்தை கேட்க மட்டும் தோன்றவில்லை.

நைட்டி மேல் துப்பட்டாவைப் போட்டுக்கொண்டு, கையில் எதுவும் எடுக்காமல், சிரித்துக்கொண்டே என் தோளைப் பிடித்தபடி இறங்கி வந்தாய். பிள்ளைக் குரல் பழகிப் பழகித் தொண்டை கட்டியிருந்தது. முனை திரும்பியதும் உன் அப்பா ஆட்டோவிலிருந்து இறங்கினார். நீ ஆட்டோவைப் பார்த்தாய். பிறகு என்னைப் பார்த்தாய்.

அப்போதே அறைந்திருக்கலாம் நீ. கெட்ட வார்த்தை சொல்லியிருக்கலாம். நீ தோளிலிருந்து கையை எடுத்துவிட்டு, "நீங்க கெளம்புங்க கௌரி" என்றாய்.

நீங்க. ஆறாம் வகுப்பிலிருந்து வாடி போடி தவிர வேறு மரியாதை தெரியாத வாய் அது. என் அம்மாவையே வா போ என்றுதான் கூப்பிடுவாய். என்னைப் பார்த்து 'நீங்க'. உன் அப்பா கையைப் பிடித்து இழுத்தார், நீ உதறினாய், எதிர் வீட்டில் எட்டிப் பார்த்தார்கள், அவர் மானத்துக்குப் பயந்து ஆட்டோவில் ஏறிக்கொண்டார். அதே ஆட்டோவில் நானும் சுமதியும் அவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் குரோம்பேட்டை வழியாக வீடு வந்து சேர்ந்தோம். பிள்ளையார் பிடிக்கக் குரங்கான கதை.

அடுத்த வாரமே ரூம் மாற்றிவிட்டாய். நான் எத்தனை மெசேஜ் அனுப்பினேன் என்று உனக்குத் தெரியும். ஒரே ஒரு பதில் வந்தது. 'பரவால்லைங்க.' அந்த 'ங்க'வை நான் எத்தனை தடவை படித்தேன் தெரியுமா? அப்படி என்னடி அழுத்தம் உனக்கு? நான் செய்தது துரோகம், ஒத்துக்கொள்கிறேன். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, வீட்டு வாசலுக்கு வந்து என்னைக் கிழி கிழி என்று கிழித்திருக்கக் கூடாதா? இரண்டரை வருடம் மரியாதை கொடுத்தே என்னைக் கொன்றாய். அப்புறம் ஒரு காலையில் ரெக்கார்டிங்குக்குப் போக ஜி.எஸ்.டி. ரோட்டைக் கடக்கும்போது தண்ணீர் லாரி. சண்டையை முடிக்காமலே போய்விட்டாய். இதற்கு நான் யாரிடம் போய் நியாயம் கேட்பது?

சரி, இப்போதைய செய்திக்கு வருகிறேன். போன மாதம் காய்ச்சலில் வீட்டில் படுத்திருந்தேன். சாயந்திரம் ஐந்து மணிக்கு டிவியைப் போட்டால், நம் நிஞ்சாக்கள் தமிழ் பேசுகிறார்கள். பிள்ளைகள் சேனல் ஒன்றில் தினமும் வருகிறதாம். எனக்குத் தெரியவே தெரியாது. சிரிப்போடு பார்த்துக்கொண்டிருந்தேன். பல்லன் மரத்திலிருந்து குதித்து, "டேய் லீடரு, உன் வரிசையில நான் எத்தனாவது ஆளுடா?" என்று கேட்டான்.

போர்வையை எறிந்துவிட்டு எழுந்து உட்கார்ந்தேன். அது நீ. பையன் குரலாக்கி, மூக்கில் ஏற்றி, என்ன செய்திருந்தாலும் அது நீ. தொடர் முடிந்து பெயர்கள் ஓடின. படம் வரைந்தவர், பாட்டுப் போட்டவர், சாயம் அடித்தவர் எல்லோரும் ஓடினார்கள். தமிழில் பேசிய ஒரு பெயர்கூட இல்லை. விசாரித்து விசாரித்து அந்த ஸ்டுடியோவுக்குப் போன் பண்ணினேன். எடுத்தவர், "டப்பிங்குக்கு எத்தனையோ பேர் வருவாங்க போவாங்க மேடம், பேரெல்லாம் யார் போடுவாங்க" என்றார். உன் குரலை வைத்து ஊர்ப் பிள்ளைகளையெல்லாம் சிரிக்க வைப்பார்கள், உன் பெயருக்கு மட்டும் இடம் கிடையாது. நீ உழைத்த இடத்தில் பெயர் இல்லை. நீ விட்டுவிட்டு வந்த படிப்பு கல்லில் ஏறுகிறது. என்ன ஊரடி இது?

உன் வீட்டில் உடனே சொல்லவில்லை. பயம்தான், வேறென்ன? உன் விஷயத்தில் தலையிட்டு ஒருதரம் பட்டது போதாதா? ஆனால் ஞாயிற்றுக்கிழமை அந்தத் தாளைப் பார்த்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை. செவ்வாய்க்கிழமை தொடர் முடிந்ததும் 'நாளை' என்று போட்டு ஒரு படகைக் காட்டினார்கள். நேற்று அரை நாள் லீவு போட்டுவிட்டு உன் வீட்டுக்குப் போனேன்.

உன் அம்மாவும் அப்பாவும் சோபாவில் உட்கார்ந்தார்கள். நான் சேனலை மட்டும் மாற்றினேன். "பொம்மப் படமாம்மா?" என்றார் உன் அப்பா. பல்லன் வந்தான். இரண்டு வசனம் பேசினான். உன் அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். "என்னங்க" என்றார். "பாப்பாங்க. அன்னிக்கு அவளுக்கு சளி புடிச்சிருக்கு."

உன் அப்பா ஒத்துக்கொள்ளவில்லை. "சும்மா இரு. ஆம்பளப் புள்ள பேசறான், பாப்பாங்கற" என்றார். உன் அம்மா அவரைத் திரும்பிப் பார்க்கவே இல்லை.

படகுக் காட்சி வந்தது. மண்ணில் புரண்டு எழுந்தார்கள். பல்லன் அவனைப் படகில் போட்டான். லீடர் அழுதுகொண்டே, "நான் இல்லாம நீ எப்படிடா இருப்ப?" என்றான். பல்லன் நமக்கு முதுகைக் காட்டி நிற்கிறான். முகம் தெரியாது, வாய் அசைவதும் தெரியாது. படகைக் காலால் தள்ளிக்கொண்டே சொன்னான்:

"போடி லீடரு. நான் நல்லாத்தான் இருக்கேன். போடி."

போடா இல்லை ஜெபா. போடி. தெளிவாக, இரண்டு தரம்.

நாக்குப் புரண்டுவிட்டதா? ஒரு நாளில் அத்தனை வசனம் பேசுகிறவளுக்குப் புரளாதா என்று ஒரு மனம் சொல்கிறது. மூன்று குரலில் மாறி மாறிப் பேசினாலும் எங்கள் ஹாலில் ஒரு எழுத்து பிசகாதவள் நீ. வாய் தெரியாத இடமாகப் பார்த்தா புரளும்? வேண்டுமென்றே வைத்தாயா? நான் என்றைக்காவது பார்ப்பேன் என்று நினைத்தாயா? பார்க்காமலே போயிருந்தால்? என் போன் நம்பர்தான் உன்னிடம் இருந்ததே. அந்த ஒரு 'டி'யை மெசேஜில் அனுப்புவதற்கு என்னடி கேடு உனக்கு? ஸ்டுடியோக்காரர் காதில் விழாமல், சேனல்காரர் காதில் விழாமல், ஊர்ப் பிள்ளைகள் அத்தனை பேர் முன்னால் தூக்கிப் போட்டுவிட்டுப் போயிருக்கிறாய். இதை நான் எந்தக் கணக்கில் வைத்துக்கொள்வது, சொல்.

நான் தலை குனிந்து உட்கார்ந்திருந்தேன். அப்போது உன் அப்பா சொன்னார். எலெக்ட்ரிக்கல் கடையில் தப்பான வயரைக் காட்டுகிற அதே குரலில் சொன்னார். "ஆம்பளப் பையனப் போயி போடின்னு சொல்றாளே. தப்பாப் பேசிட்டாளே இவ."

சொல்றாளே. பேசிட்டாளே. உன் அம்மாவும் நானும் ஒரே நேரத்தில் அவரைப் பார்த்தோம். அவருக்கும் அப்போதுதான் தன் வாயில் என்ன வந்தது என்று புரிந்தது. கண்ணாடியைக் கழற்றினார். துடைக்கவில்லை, கையிலேயே வைத்துக்கொண்டு விளம்பரம் எல்லாம் முடிகிற வரை உட்கார்ந்திருந்தார்.

உடனே கல் விஷயம் பேசினேன். அந்த நேரத்தில் பேசியிருக்கக் கூடாதுதான். ஆனால் கல் வெட்டுகிறவர் காத்திருப்பாரா? "அங்கிள், அந்த பி.இ. வேணாம்" என்றேன்.

"அதில்லாம பேரு மொட்டையா நிக்கும்மா."

"குரல் கலைஞர்னு போடுங்க."

"காலேஜ விட்டுட்டு ஓடிப் போனான்னு ஊர்ல பேசுவாங்க. செத்தப்பறமும் என் பொண்ணப் பேச வுடணுமா?"

ஊர் வாயை மூட உலைமூடி ஏது அங்கிள் என்று கேட்டேன். குரல் உயர்ந்துவிட்டது, உன் வீட்டில் நான் கத்துவது இதுதான் முதல் தடவை. அவள் ஓடிப் போகவில்லை, டிரெயின் ஏறிப் போனாள், பகலில் போனாள், என்னிடம் சொல்லிவிட்டுப் போனாள். வெட்கப்பட வேண்டியது அவள் இல்லை, பொய் சொல்லி அவளைத் தெருமுனைக்கு அழைத்து வந்த நான். ஆட்டோவில் உட்கார்ந்திருந்த நீங்கள். இதையெல்லாம் சொல்லிவிட்டேன். உன் அம்மா என் கையைப் பிடித்தார். நிறுத்தத்தான் பிடிக்கிறார் என்று நினைத்தேன், அவர் என் விரல்களை விடாமல் உன் அப்பாவைப் பார்த்து, "அவ கேக்கறது நாயம்தானே?" என்றார்.

உன் அப்பா இன்று காலை போன் பண்ணினார். "கல்லுக்காரர்கிட்ட கொஞ்சம் நிறுத்தி வைக்கச் சொல்லியிருக்கேம்மா" என்றார். எடுத்துவிடுகிறேன் என்று சொல்லவில்லை. வைப்பேன் என்றும் சொல்லவில்லை. இன்றைக்கும் ஐந்து மணிக்கு வருமா என்று கேட்டார். வரும் அங்கிள் என்றேன். எத்தனை நாளைக்கு உன் குரல் வரும், எந்த நாளில் பல்லனுக்கு வேறு யாரோ பேச ஆரம்பிப்பார்கள் என்று எனக்குத் தெரியாது. அதை அவரிடம் எப்படிச் சொல்வது?

நினைவு நாள் ஜெபக் கூட்டத்தில் உன் சிநேகிதி என்ற முறையில் என்னை இரண்டு வார்த்தை பேசச் சொல்லியிருக்கிறார்கள். அன்புள்ளவள், அமைதியானவள், பொறியியல் பட்டதாரி என்று பேசிவிட்டு இறங்குவார்கள் மற்றவர்கள். நான் அதற்கு வரவில்லை. கல்லில் எது இருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி, உன் அப்பா முன் வரிசையில் உட்கார்ந்திருக்கும்போதே மூன்று விஷயம் சொல்வேன். ஜெபா படிப்பை அவளாக விட்டாள். அவள் குரலால் பிழைத்தாள், நன்றாகவே பிழைத்தாள். நடுவில் ஒரு நாள் அவளை ஒரு வார்த்தை கேட்காமல் மீட்கப் போனவள் நான், என்னைத் திருப்பி அனுப்பினாள், அனுப்பியது சரி.

இது சத்தியம். குரல் நடுங்கினாலும் உட்கார மாட்டேன்.

இனி யாருக்கும் 'நீங்க' ஆகாத,
உன் 'டி',
கௌரி